பொருள்: ஸ்னோஃபிளேக் தலைமை முறைக்குத் தமிழ்ச்சொல் – "விழுதமைப்பு"

குழும உறுப்பினர்களுக்கு வணக்கம். ஸ்னோஃபிளேக் (snowflake, பனித்துகள்) தலைமை முறை என்பது, தலைமை ஒருவரிடமே குவியாமல் நடுக்குழு ஒன்றிலிருந்து பல குழுக்களாகக் கிளைத்துப் பரவும் அமைப்புமுறை. அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தச் சொல்லை வைப்பது என்ற உரையாடலுக்கு என் மறுமொழி இது.

> "பகிர்தலைமை" என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் எளிதில் புரியும்.

எளிதில் புரியும் என்பது உண்மைதான். ஆனால் பகிர்தல் என்றதும் இருப்பதைப் பங்கு போடுவதே மனத்தில் எழுகிறது. கலிபோர்னியாவில் சீசர் சாவேசின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் 16 ஆண்டுகள் பணியாற்றிய மார்ஷல் கான்ஸ் பின்னர் ஹார்வர்டில் கற்பித்த இம்முறையில், நடுக்குழுவினர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குழுவைக் கட்டுகிறார்கள். அக்குழுவினரும் அவ்வாறே செய்கிறார்கள். நிச்சயமற்ற சூழலில் பொதுநோக்கத்தைப் பிறர் எய்துவதற்கு வழிசெய்யும் பொறுப்பை ஏற்பதே தலைமை என்று அவர் வரையறுக்கிறார். குழுவிலிருந்து குழு உருவாகும் அந்தப் பெருக்கம் பகிர்தலைமை என்ற சொல்லில் இல்லை.

"பொறுப்புத்தலைமை" சரிவராது, பொறுப்பு ஆளுநர், பொறுப்புத் தலைமையாசிரியர் என்று தற்காலிகப் பதவிக்கு அச்சொல் நிலைத்துவிட்டது. "கிளைத்தலைமை" என்றால் கட்சியின் கிளைச் செயலாளரே நினைவுக்கு வருவார்.

எனவே "விழுதமைப்பு" என்பதை முன்மொழிகிறேன். கிளையிலிருந்து இறங்கும் ஆலம்விழுது மண்ணில் ஊன்றியபின் தானும் ஓர் அடிமரமாகத் தடித்து, தன்னை ஈன்ற கிளையையே தாங்குகிறது. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் நடு அடிமரம் 1989இல் சாய்ந்த பிறகும் அம்மரம் விழுதுகளின்மேல் நிற்பதை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம்.

> மேடைப் பேச்சில் "விழுது" என்றால் வாரிசு என்றல்லவா பொருள்?

இது புறந்தள்ளக்கூடிய தடை அன்று. ஆயினும் இச்சொல்லில் நான் அழுத்த விரும்புவது ஊன்றுதலை. நம் நகரின் குடியிருப்போர் நலச்சங்கங்கள் பலவற்றில் செயலாளர் ஒருவரே சந்தா வசூலித்து, மாநகராட்சியோடு பேசி, புகாரும் எழுதுகிறார்; துணைச் செயலாளர் என்ற பெயர் பெற்றவருக்கு எதையும் முடிவெடுக்கும் உரிமை இல்லை. அவர் மண்ணைத் தொடாமல் தொங்கும் விழுது. நாளடைவில் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடும் அவரை ஆர்வமற்றவர் என்று குறை சொல்வது நியாயமன்று. ஒரு தெருவின் மழைநீர் வடிகால் பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு குழுவிடம் ஒப்படைத்து, மண்டல அலுவலகத்தில் பேசும் அதிகாரத்தையும் அதற்கே அளித்தால், தம் உழைப்பின் பயனை அவர்கள் கண்ணால் காண்பார்கள். ஊக்கம் பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கிறது.

தலைமையே இல்லாத அமைப்பையும் இச்சொல்லால் குறிக்கக் கூடாது. யார் எதை முடிவு செய்வார், யாருக்குப் பதில் சொல்வார் என்பது இம்முறையில் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கும்.

மறுப்பு இல்லையெனில் பட்டியலில் இவ்வாறு சேர்க்கலாம்:

விழுதமைப்பு – நடுக்குழுவினர் ஒவ்வொருவரும் முடிவெடுக்கும் உரிமையுள்ள துணைக்குழுக்களை உருவாக்கி, அவற்றிலிருந்து மேலும் தலைவர்களை வளர்க்கும் அமைப்புமுறை.
விழுதூன்றல் – அவ்வாறு புதிய தலைவர்களை வளர்க்கும் செயல்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து ஓர் உறுப்பினர்