பெட்டியில் கிடந்த கீபோர்டு இறுகிப்போச்சா, உழைச்ச கீபோர்டு தளர்ந்துபோச்சா?

இரண்டாங்கட்டு (காரைக்குடி)

2012ல ஒரே மாதிரி ரெண்டு கீபோர்டு வாங்கினேன். சாதாரண ரப்பர் கீபோர்டுதான். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டுமேன்னு. ஒண்ணு இன்னைக்கு வரைக்கும் மேசையில உழைக்குது. இன்னொண்ணு பிரிக்காம, இரண்டாங்கட்டுல பெட்டகத்து மேல கிடந்துச்சு. போன வாரம் எடுத்து மாட்டினேன். ரெண்டு பக்கம் அடிக்கிறதுக்குள்ள விரல் கணு வலிக்குது. பழசுல விரலை வெச்சாலே இறங்கிடும்.

என் கட்சி இதுதான்: கீபோர்டும் தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு மாதிரி. புழங்கப் புழங்கத்தான் மெருகு ஏறும்.

பள்ளத்தூர்ப் பையன்

உவமை அழகா இருக்கு, ஆனா தப்பு. ரப்பர் கீபோர்டுல ஒவ்வொரு விசைக்கும் அடியில ஒரு குட்டிக் கிண்ணம் கவிழ்ந்திருக்கு. அதோட சுவர் சட்டுனு மடங்குற நேரத்தைத்தான் விரல் 'டப்'புன்னு உணருது. லட்சக்கணக்கான தடவை மடங்கினா சுவர் தளரும், அப்புறம் அந்த 'டப்'பும் போயிடும். கடைசியில சேத்துல கால் வெச்ச கதைதான். நீங்க மெருகுன்னு சொல்றது தளர்ச்சி.

மெருகு பார்க்கணும்னா, ஒவ்வொரு விசைக்கும் ஸ்பிரிங் வெச்ச தனி சுவிட்ச் இருக்குற மெக்கானிக்கல் கீபோர்டு பக்கம் வாங்க. செர்ரிங்கிற கம்பெனியோட கறுப்பு சுவிட்ச்ல ஏறி இறங்குற தண்டு பிஓஎம்ங்கிற பிளாஸ்டிக். எண்ணெய் விடாமலே வழுக்கும். அடிக்க அடிக்கத் தண்டும் தடமும் ஒண்ணையொண்ணு இழைச்சு இன்னும் வழவழப்பாகும். பழைய கறுப்பு சுவிட்சைத் தேடித் தேடி வாங்குறவங்க இருக்காங்க. ஆனா அதே இழைப்புதான் பிரவுன் சுவிட்ச்ல இருக்குற சின்ன மேட்டை மழுக்கிடுது. செர்ரிக்காரங்க 5 கோடி அழுத்தம்னு சொன்னாங்க, பிறகு 10 கோடின்னு ஏத்தினாங்க. அது விசை வேலை செய்யுமாங்கிற கணக்கு. கைக்கு அதே சுகம் இருக்குமாங்கிற கணக்கு இல்ல.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, நான் இருபத்திரண்டு வருஷம் டைப் இன்ஸ்டிடியூட் நடத்தினவ. 'யளனக' சொல்லிக் கொடுத்தே ஓஞ்சவ. எங்கிட்ட ஒரே வருஷம் வாங்கின ரெண்டு ரெமிங்டன் டைப்ரைட்டர். ஜன்னலோர மிஷினுக்குப் பிள்ளைக அடிச்சுக்கும். மூலையில இருந்த மிஷின்ல இருட்டுன்னு யாரும் உட்கார மாட்டாக. நாலு வருஷம் கழிச்சு அதைத் தொட்டா, எழுத்துக்கம்பி எழும்புனது பாதியில நிக்குது. விட்ட எண்ணெய் செம்மண் தூசியோட சேர்ந்து பிசினாயிருச்சு. மண்ணெண்ணெயில பிரஷ்ஷை நனைச்சு நனைச்சு ஒரு நாள் முழுக்கத் தேய்ச்சேன்.

அப்பவும் அடிக்கக் கடுசு. ஏன்னா ரோலர். அதோட ரப்பர் காஞ்சு கல்லாயிருச்சு. 'பொத்'துன்னு விழ வேண்டிய எழுத்து 'டக்'குன்னு விழுது, அதிர்ச்சி விரல் நுனிக்கு வருது. யாரும் அடிக்காத மிஷினுக்கு இந்தக் கேடு எப்படி வந்துச்சு? வயசுதானே? அவுக பெட்டியில கிடந்ததும் அப்படி இறுகியிருக்கும். உழைச்சது தளர்ந்துச்சுன்னு நீ எப்படி அடிச்சுச் சொல்ற?

பள்ளத்தூர்ப் பையன்

ஆச்சி, ரோலர் ரப்பர் வேற சாதி. இந்தக் கிண்ணம் பெரும்பாலும் சிலிக்கோன், லேசுல காயாது. ஆனா வயசு எதையும் விடாதுங்கிறதை ஒத்துக்கிறேன். ஐபிஎம் மாடல் எம்னு 1985ல வந்த கீபோர்டு. ஸ்பிரிங் இன்னைக்கும் கிண்ணுன்னு இருக்கும். பின்தகட்டைப் பிடிச்சிருக்குற பிளாஸ்டிக் ரிவிட் மட்டும் வயசாகி ஒவ்வொண்ணா உடையும். அந்த இடத்து விசைக மட்டும் தொளதொளன்னு ஆயிடும்.

பேசி என்ன ஆகப்போகுது, எடை போட்டுப் பார்த்துருவோம். 2019க்கு முன்னாடி வந்த பித்தளை நிற 5 ரூபாய்க் காசு 6 கிராம். எத்தனை காசுல விசை இறங்குதுன்னு எண்ணுங்க.

செக்காலைவாசி

புதுசு நானூறு ரூபாய்க்குக் கிடைக்குது. வாங்கி மாட்டிட்டு வேலையைப் பாருங்கப்பா.

இரண்டாங்கட்டு

மஞ்சள் பிள்ளையார் உண்டியலை உடைச்சாச்சு. அடியில ஒரு துண்டு அழிரப்பர், அதுக்கு மேல டேப் சுத்தின காசு. எல்லா விசைக்கும் அதே துண்டுதான். நான் தமிழ்99ங்கிற தமிழ் விசை அமைப்புல அடிக்கிறவன், அதனால எஃப் இடத்துல இருக்குற புள்ளிதான் ரொம்ப அடி வாங்கினது. அதுல விரலுக்கு இடம் காட்டுற தடவுமேடு கூடத் தேஞ்சு போச்சு.

பழசுல புள்ளி 8 காசு. அதுலயே நான் தொட்டே பார்க்காத ஸ்க்ரோல் லாக் 10 காசு. பெட்டியில கிடந்ததுல புள்ளி 10, ஸ்க்ரோல் லாக் 10.

பள்ளத்தூர்ப் பையன்

தீர்ப்பு வந்தாச்சு. தொடாத விசை ரெண்டு பலகையிலயும் ஒண்ணு. தொட்டது தளர்ந்திருக்கு.

தேவகோட்டை ஆச்சி

அவசரப்படாதே. ரெண்டுக்கும் ஒரே வயசு. ரெண்டும் ஒண்ணுபோல இறுகியிருந்தாலும் இதே 10 தானே வரும்? வாங்கின அன்னைக்கு எத்தனை காசு தாங்குச்சுன்னு யாராவது எழுதி வெச்சீகளா?

பள்ளத்தூர்ப் பையன்

இல்ல ஆச்சி. அது நியாயமான கேள்விதான்.

சர்வீஸ் கடை (காரைக்குடி)

பதினஞ்சு வருஷமா பிரிச்சு மாட்டுறேன். 'கீ டைட்டா இருக்குண்ணே'ன்னு வர்றதுல பாதி, உள்ள காஞ்ச டீயும் முடியும்தான். ஸ்பேஸ் பார் கடகடங்குதுன்னா கம்பியில இருந்த கிரீஸ் போயிருக்கும். மூடி பளபளன்னு ஆகறது ஏபிஎஸ் பிளாஸ்டிக். தேக்குத்தூண்ல கைபட்டுக் கைபட்டு ஒரு இடம் மின்னுமே, அது மாதிரி. விரல் வழுக்கும், ஆனா விசை லேசாகிடாது.

நீங்க ரெண்டு பேரும் விரலை விட்டுட்டீங்க. 12 கிராம் வித்தியாசத்துக்கு விரல் கணு வலிக்காது. அந்தப் பலகையில எது தளர்ந்திருக்கு, எது கெட்டியா இருக்குன்னு இவர் விரலுக்குத் தனித்தனியாத் தெரியும். புள்ளியைத் தடவிட்டுப் போவார், ஞ வந்தா ஒரு குத்துக் குத்துவார். எல்லா விசையும் ஒரே மாதிரி இருக்குற பலகையில அந்தக் கணக்கு பூரா தப்பும். நம்பிக்கை இல்லன்னா பழசைத் திறங்க சார். கிண்ணம் தனித்தனியா இருந்தா புள்ளிக்கும் ஸ்க்ரோல் லாக்குக்கும் மாத்திப் பாருங்க. ஒரே விரிப்பா இருந்தா விட்டுடுங்க.

இரண்டாங்கட்டு

தனித்தனிதான். திறந்ததும் ஒரு கிண்ணம் துள்ளி முற்றத்துல போய் விழுந்து, ஆயாவும் நானும் டார்ச் அடிச்சுத் தேடினோம். புள்ளிக் கிண்ணத்தோட கழுத்துல ஒரு வெளுத்த வளையம், ஸ்க்ரோல் லாக்ல அது இல்ல. மாத்திப் போட்டேன். நேத்து ஒரு கல்யாணப் பத்திரிகை அடிச்சேன். 'அன்புடையீர்'ல ஆரம்பிச்சுக் கடைசி வரி வரைக்கும் பாதிப் புள்ளி விழவே இல்ல. 'அனபுடையீர'ன்னு நிக்குது. நான் தடவுறேன், அது இறங்க மாட்டேங்குது.

இன்னைக்குக் காலையில பழைய கிண்ணத்தையே திருப்பி வெச்சுட்டேன். ஆச்சி கேட்டதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. அதே மாடல் புதுசு யார்கிட்டயாவது இருந்தா ஸ்க்ரோல் லாக் மேல காசை அடுக்கிட்டுச் சொல்லுங்க.