குவாரண்டைன் என்பதற்கு ‘காப்பிருப்பு’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

> குவாரண்டைன், ஐசொலேஷன் இரண்டுக்கும் 2020 முதல் ‘தனிமைப்படுத்தல்’ என்றே எழுதுகிறோம். மக்களுக்குப் பழகிவிட்டது. இனி எதற்கு இன்னொரு சொல்?

பழகிவிட்டது உண்மைதான் ஐயா. கூடவே ஒரு குழப்பமும் பழகிவிட்டது. நோய் வந்தவரைப் பிரித்து வைப்பது ஒன்று; அது ஐசொலேஷன். நோயாளியோடு பழகிய, இன்னும் நலமாக இருக்கிற ஒருவரை நோய் வெளிப்படக்கூடிய நாள்கள் கழியும்வரை வெளியே விடாமல் வைத்திருப்பது வேறொன்று; அது குவாரண்டைன். 2020 மார்ச்சில் எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு பையனுக்குக் காய்ச்சலோ இருமலோ எதுவும் இல்லை. வாசலில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று தாள் ஒட்டினார்கள். மறுநாளே தண்ணீர் கேன் போடுபவர் அந்த வீட்டைத் தாண்டிப் போனார். “அந்த வீட்ல கொரோனா” என்று தெருவே பேசியது. 14 நாள் முடிந்து தாளைக் கிழித்த பிறகும் அவன் அம்மாவோடு பேசப் பலர் தயங்கினார்கள். அந்தத் தாளில் இருந்த சொல் நலமாக இருந்தவனை நோயாளி ஆக்கிவிட்டது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அரசுத் திட்டம் எழுதும்போது இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகிறது. 2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பிரைப் பகுதியில் நிபா வைரஸ் நோய் வந்தபோது ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர். ஒவ்வொருவரும் யார் யாரைச் சந்தித்தார் என்று கேரள அரசு தேடித் தேடிப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் 2,000 பேருக்கு மேல். இரண்டு கூட்டத்துக்கும் தேவைகள் வேறு. 18 பேருக்குத் தனி வார்டு, உயிர்காக்கும் கருவிகள், கவச உடை அணிந்த செவிலியர் வேண்டும். 2,000 பேருக்கு வீட்டு வாசலில் அரிசி, தினமும் ஒரு தொலைபேசி விசாரிப்பு, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி வேண்டும். திட்டத்தில் ‘தனிமைப்படுத்தப்பட்டோர் 2,000’ என்று ஒரே வரியாக எழுதினால் மாவட்ட அலுவலர் கட்டிலை எண்ணுவாரா, அரிசி மூட்டையை எண்ணுவாரா?

ஆகவே, ‘தனிமைப்படுத்தல்’ நோயாளிக்கே இருக்கட்டும். பொருளும் அதற்குத்தான் பொருந்துகிறது. மற்றதற்குத்தான் சொல் தேவை.

வந்த பரிந்துரைகளில் ‘ஒதுக்கம்’, ‘நோய்விலக்கு’ இரண்டையும் நான் ஏற்க மாட்டேன். ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது நம் ஊர்களில் சாதிப் பஞ்சாயத்து தந்த தண்டனை. ‘வீட்டு விலக்கு’ என்று மாதவிலக்கான பெண்களைத் திண்ணையில் உட்கார வைத்தோம். அந்தச் சொற்களின் காயம் ஆறாமல் இருக்கும்போது நோய்க்கும் அவற்றையே எடுத்துக்கொள்ளக் கூடாது. 48 நாள் விரதத்தைக் குறிக்கும் ‘மண்டலம்’ அழகாக இருக்கிறது. குவாரண்டைனுக்கு மூலமான வெனிஸ்காரர்களின் சொல்லும் நாற்பது நாளைத்தான் குறித்தது. ஆனால் நாள் கணக்கு நோய்க்கு நோய் மாறும். கொரோனாவுக்கு 2020-இல் 14 ஆக இருந்தது, நிபாவுக்கு 21. 48 நாள் நினைவைத் தரும் சொல் இங்கே ஒத்துவராது.

என் பரிந்துரை ‘காப்பிருப்பு’. நோன்பிருத்தல், வடக்கிருத்தல் போலக் காப்பிருத்தல். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். அப்படி ஊரோடு இருப்பவரை யாரும் நோயாளி என்று பார்ப்பதில்லை. ஊருக்காகக் கட்டுப்பட்டிருக்கிறார் என்றுதான் பார்க்கிறார்கள். நமக்கு வேண்டிய பொருள் அதுதான். சொல்லும் எளிதில் கிளைக்கிறது: காப்பிருப்போர், காப்பிருப்பு நாள்கள், வீட்டுக் காப்பிருப்பு, காப்பிருப்பு ஆணை.

> காப்பு என்றால் கைவிலங்கு நினைவும் வருமே?

வரும் அம்மா. போலீஸ் ‘காப்பு மாட்டியது’ என்று செய்தித்தாளே எழுதுகிறது. இதை நான் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் காப்பு என்றதும் குழந்தையின் கைக்காப்பும், கண்ணேறு படாமல் கட்டும் கயிறும் அதைவிட முந்திக்கொண்டு வருகின்றன. ‘இருப்பு’ சேரும்போது விலங்கு இன்னும் பின்னால் போய்விடுகிறது. ‘தடுப்புக்காவல்’ என்று வைத்தால்தான் சிறை வாசனை அடிக்கும்.

சரி, சொல் நிற்குமா என்று பார்க்க வீட்டில் ஒட்டும் தாளை எழுதிப் பார்த்தேன். சுகாதார ஆய்வாளராக இருந்தவர்கள் இதை வாய்விட்டுப் படித்து, எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்:

“இந்த வீட்டார் நலமாக உள்ளனர். 21 நாள் வீட்டுக் காப்பிருப்பில் இருக்கிறார்கள். பால், தண்ணீர், மளிகைப் பொருள்களை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுங்கள்.”