கச்சோலம் டிஷ்யூ கல்ச்சர்: குடுவையில் தொற்று நிற்கவே இல்லை, என்ன செய்யலாம்?

வாழைலேப்:
வணக்கம். கோவைப் பக்கம் சின்ன லேப் வைத்து டிஷ்யூ கல்ச்சரில் (திசு வளர்ப்பில்) வாழைக்கன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். கேரளாவில் கச்சோலம் (இஞ்சிக் குடும்பத்து மணக்கிழங்கு) பயிரிடும் ஒருவர் கிழங்கழுகல் இல்லாத நாற்று கேட்கிறார். கிழங்கிலிருந்து மொட்டை வெட்டி, கிருமி நீக்க 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடில் 10 நிமிடம் போட்டு எம்எஸ் மீடியத்தில் (திசு வளர்க்கும் ஊட்டக் கலவை) வைத்தால் பாதிக்கு மேல் பூஞ்சை பிடிக்கிறது. தப்பித்ததிலும் இரண்டு வாரம் கழித்து மொட்டின் அடியில் பால் மாதிரி படர்கிறது. நேரத்தைக் கூட்டினால் மொட்டே கருகிவிடுகிறது. இஞ்சி, மஞ்சளில் வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

குருத்து:
பால் மாதிரி படர்வது பாக்டீரியா. கிழங்குக்குள்ளேயே இருப்பது, மேலே எவ்வளவு கழுவினாலும் போகாது. மருந்தைக் கூட்டாதீர்கள், எடுக்கிற மொட்டை மாற்றுங்கள். கிழங்கைத் தேய்த்துக் கழுவி, கார்பென்டாசிம் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) மணலில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். முளையின் மேல் தண்ணீர் படவே கூடாது, மணலில் லேசான ஈரம் இருந்தால் போதும். ஒரு சென்டிமீட்டர் வந்ததும் முளையை மட்டும் எடுத்து, மெர்குரிக் குளோரைடில் 5 நிமிடம் போட்டுக் கழுவி, லேமினாருக்குள் (வடிகட்டிய காற்று வீசும் மேடை) வெளி உறைகளை உரித்து, அதே கரைசலில் இன்னொரு முறை 2 நிமிடம். அப்புறம் ஸ்டெரைல் தண்ணீரில் நான்கு முறை அலசி, அடியில் பழுப்பாக இருக்கிற பகுதியைச் சீவிவிட்டு வையுங்கள். கரைசலைச் சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள், பாதரசம் அது, தனிக் கேனில் சேருங்கள்.

பச்சைவீடு:
வாழைக்கு ஊற்றுகிற அளவு பிஏபி (தூர் விடவைக்கும் ஹார்மோன்) இதற்கு வேண்டாம். லிட்டருக்கு பிஏபி 2 மில்லிகிராம், என்ஏஏ (வேர்விட உதவும் ஹார்மோன்) 0.5 மில்லிகிராம், சர்க்கரை 30 கிராம், பிஎச் 5.8. இந்தக் குடும்பத்தில் நல்ல விஷயம், தூர் வரும்போதே வேரும் வந்துவிடும், வேருக்கென்று தனி மீடியம் தேவையில்லை. ஆனால் ஒரே மொட்டிலிருந்து சப்கல்ச்சர் செய்துகொண்டே (பிரித்துப் புது மீடியத்துக்கு மாற்றிக்கொண்டே) போகாதீர்கள், குணம் மாறிவிடலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆதிரா, கார்த்திகா இஞ்சி ரகங்களே மாரன் என்ற இஞ்சி ரகத்தைத் திசு வளர்ப்பில் வைத்தபோது உண்டான மாற்றத்திலிருந்து தேர்ந்தெடுத்தவைதான். அவர்கள் மாற்றத்தைத் தேடினார்கள், உங்கள் விவசாயிக்கு வேண்டியது தாய்க்கிழங்கின் அதே மணம். ஒவ்வொரு குடுவையிலும் தாய்க்கிழங்கின் நம்பரை எழுதிவையுங்கள்.

மலைத்தோட்டம்:
கச்சோலம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நாற்றுக் கொடுக்கும் முன்பே அவரிடம் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். முதல் வருஷம் கிழங்கு சிறிதாகத்தான் இருக்கும். அதை விற்காமல் மறுபடி நட்டு, அடுத்த பருவத்தில்தான் விதைக்கிழங்கு அளவு கிடைக்கும். அதனால் முழு வயலுக்கும் நாற்று வாங்கவேண்டாம், சின்னப் பாத்தியில் விதைக்கென்று பெருக்கினால் கட்டுப்படியாகும். அந்தப் பாத்தியும் ஏற்கெனவே அழுகல் கண்ட மண்ணாக இருந்தால் உங்கள் உழைப்பு அத்தனையும் வீண். டிசம்பர் வாக்கில் இலை காய்ந்து தரையோடு போய்விடும், செடி செத்துவிட்டதென்று யாரும் பிடுங்கிப்போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாழைலேப்:
ரொம்ப நன்றி. மணலில் முளைக்கவைப்பதை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். அவரிடம் இருப்பது ரஜனியா, கஸ்தூரியா, நாட்டு ரகமா என்று கேட்டு, கிழங்கைத் தனித்தனியாக வாங்கிக்கொள்கிறேன்.