சுரங்க நிலத்தைப் பயிர்நிலமாக்குவதற்கு ஒரு சொல்

செ.ந. எழுதியது:
வணக்கம். மேல்நிலை வேளாண் துணைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜெர்மனியின் ரைன்லாந்தில் பழுப்பு நிலக்கரி வெட்டிய குழியை மூடி, மேலே 2 மீட்டர் அளவுக்கு லோயஸ் மண் (காற்றில் வந்து படிந்த நுண்மண்) பரப்புகிறார்கள். முதல் 3 ஆண்டு குதிரைமசால் என்ற தீவனப்பயிர். மொத்தம் 7 ஆண்டு சுரங்க நிறுவனமே பயிர்செய்து பார்த்த பிறகுதான் நிலம் உழவர் கைக்குப் போகும். இந்த முழு வேலைக்கும் ‘நிலமீட்பு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

இரா.மு.:
வேண்டாம் ஐயா. செய்தித்தாளில் நிலமீட்பு என்றால் ஆக்கிரமிப்பு அகற்றம். நெய்வேலிப் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை படித்தால், நிலம் திரும்பக் கிடைக்கும் என்றே எடுத்துக்கொள்ளும். மண் திருந்துவது வேறு, பட்டா திரும்புவது வேறு. ‘நிலத்திருத்தம்’ போடுங்கள். ‘களர் திருத்தம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

புலவர் வே.:
‘காடு கொன்று நாடாக்கி’ என்பது பட்டினப்பாலை. ‘ஆக்கு’ நம் பழைய வினை, ‘கழனியாக்கம்’ எனலாம். கழனி, கழி, கழிமுகம் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. நீர் கழிந்து வண்டல் தங்கிய இடமே கழனி. கழுவு என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்...

இரா.மு.:
ஐயா, கழனி என்றால் நெல்வயல். குதிரைமசால் போடுகிற மேட்டுநிலத்தை எந்த உழவர் கழனி என்பார்?

தா.:
‘திருத்தம்’ எனக்கு ஒப்பவில்லை. களரில் மண் இருக்கிறது, குணம்தான் கெட்டிருக்கிறது. அங்கே திருத்தலாம். சுரங்கத்தில் மண்ணடுக்கே இல்லை, புதிதாக அடுக்க வேண்டும். அமெரிக்காவின் 1977 சுரங்கச் சட்டம், முதல்தர விளைநிலமாக இருந்தால் மேல்மண்ணைத் தனியே எடுத்து வைக்கவும், பிறகு விளைச்சலைக் காட்டவும் சொல்கிறது. கனரக வண்டி ஏறி இறுகிய மண்ணில் வேர் இறங்காது. ஆழமாக வேர்விடும் குதிரைமசாலை முதலில் போடுவது அதற்காகவும்தான். ஆகவே ‘மண் மறுவாக்கம்’.

செ.ந.:
மாணவர் அதை ‘மறுவாக்கு’ என்று பிரித்து, தேர்தல் என்று நினைப்பார்களே.

இரா.மு.:
அப்புறம் ‘மறுவாக்கு எண்ணிக்கை’தான்! ‘சுரங்க நிலத்திருத்தம்’ என்றே விடுங்கள். பொருள் உடனே விளங்கும்.

செ.ந.:
நேரம் இல்லை. இரா.மு. சொன்ன ‘சுரங்க நிலத்திருத்தம்’ என்பதையே போடுகிறேன்.

தா.:
நான் உடன்படவில்லை, பதிவுசெய்யுங்கள். சொல் எதுவானாலும் மேல்மண்ணைத் தனியே குவித்து வைப்பதைப் பற்றி ஒரு பத்தி சேருங்கள். அது இல்லாமல் பாடம் நிற்காது.