கேரட் துண்டு புரையேறிய பின் நீடிக்கும் இழைப்பு

கேள்வி (கேத்தி):
நான்கு நாட்களுக்கு முன், இரண்டு வயது மகன் பச்சைக் கேரட்டைக் கடித்தபடி தோட்டத்தில் ஓடியபோது புரையேறி, முகம் சிவக்க இருமி, சற்று நேரத்தில் அடங்கிவிட்டான். இப்போது இரவில் மூச்சு விசில்போல இழைக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, மலைக்குளிரால் வந்த சளிதான் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில் 1 (குழந்தை மருத்துவர், குன்னூர்):
வேண்டாம். கேரட், நிலக்கடலை போன்றவை பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை என்பதால், புரையேறியதை நீங்கள் கண்ணால் பார்த்ததே படத்தைவிட வலுவான சான்று. ஒரு பக்க நெஞ்சில் மட்டும் மூச்சொலி குறைந்திருந்தால் ஐயம் இன்னும் கூடும். மயக்க மருந்து கொடுத்து, பிராங்கோஸ்கோப்பை (மூச்சுக்குழாய்க்குள் பார்க்க உதவும் கேமரா பொருத்திய குழாய்) உள்ளே செலுத்திப் பார்த்து எடுப்பதே முறை. அந்த வசதியுள்ள கோவை மருத்துவமனைக்கு இன்றே புறப்படுங்கள். மூச்சுத் திணறினால் 108ஐ அழையுங்கள்.

பதில் 2 (செவிலியர், உதகை):
உங்கள் மகனுக்குக் கேரட்; இதுவே ஒரு குழந்தை விழுங்கியது பட்டன் பேட்டரியாக (நாணயம் போன்ற சிறு வட்ட பேட்டரி) இருந்தால் அவசரம் வேறு வகை: உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். எக்ஸ்ரேயில் நாணயம்போலத் தோன்றினாலும் விளிம்பில் இரட்டை வளையம் தெரியும்.

கேட்டவர்:
எடுத்துவிட்டார்கள். வலப்பக்க மூச்சுக்கிளையில் இருந்தது, ஊறி மென்மையான, சுண்டுவிரல் நகமளவுத் துண்டு.