பாட்டே இல்லாத இளையராஜா: எதில் தொடங்கலாம்?

கும்பகோணத்தான்:
அப்பாவின் கேசட் பெட்டியில் ‘ஹவ் டு நேம் இட்’ கிடைத்தது. டேப் சிக்கியிருந்தது, பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்து ஓடவிட்டேன். வார்த்தையே இல்லை, ஆனால் மூன்று நாளாக வயலின் மண்டைக்குள்ளேயே நிற்கிறது. ராஜா என்றால் சினிமாப் பாட்டு என்றே இருந்துவிட்டேன். இதை எப்படிக் கேட்க வேண்டும், அப்புறம் எதைக் கேட்பது?

திருவையாறு வாசி:
தம்பி, முதலில் அந்த கேசட்டைப் பத்திரமாக வையுங்கள். 1986-ல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கை. வயலின் வி. எஸ். நரசிம்மன். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ கேளுங்கள், பாக்கின் வயலின் பார்ட்டிட்டா (தனி வயலினுக்கு எழுதிய பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை) ஓடிக்கொண்டிருக்க ராஜா அதன் மேலேயே தன் பங்கை எழுதிச் சேர்த்திருப்பார். தியாகராஜர் ஆராதனை அன்று காவிரிக் கரையில், அவர் சமாதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகள் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இதைப் போட்டேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. சினிமா இல்லாமல் அவர் செய்ததில் இதுதான் உச்சம், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மன்னார்குடி:
உச்சம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. 1988-ல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டால் மூச்சு தானாகவே மெதுவாகும்.

கும்பகோணத்தான்:
சரி, ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டையும் கேட்கிறேன்.