'கேஷ்' நம்ம காசிலிருந்து வந்ததா, இல்லையா?

கரூர் மாமா கேட்டது:

வணக்கம். என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் பேச்சுப்போட்டி. கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு என்று ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, "கேஷ் என்பதும் நம் காசுதான்" என்று முடித்திருக்கிறாள். நடுவராக வந்தவர் மைக்கை வாங்கி, "அது பிரெஞ்சுச் சொல்லும்மா, வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் மேடையில் பேசாதே" என்றாராம். பிள்ளை அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். வாட்ஸ்அப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையில் ஒரு செப்புக்காசு இருந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. இன்றைய ஒரு ரூபாயைவிடப் பெரியது. ஒரு பக்கம் கேடயத்துக்கு இருபுறமும் சிங்கம், 1808 என்று ஆண்டு. மறுபக்கம் உருது மாதிரி எழுத்து, அதற்கடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்' என்று ஆங்கிலத்தில். காசின் மேலேயே கேஷ் என்று போட்டிருக்கிறதே, அப்புறம் எப்படித் தப்பாகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி எழுதியது:

தம்பி, முதலில் மருமகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். அவள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, நடுவர் சொன்னதிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொல் உண்டு. எழுத்து ஒன்று, வேர் வேறு. நல்ல அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவாகவே இருக்கும்.

இன்று கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் நடுவர் சொன்னது. லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியனில் காஸ்ஸா, பிரெஞ்சில் கேஸ் என்று ஆகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. போகப்போகப் பெட்டி என்ற பொருள் உதிர்ந்துபோய் உள்ளே இருந்த பணம் மட்டும் நின்றுவிட்டது. நான் முப்பது வருஷம் பலசரக்குக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன், எனக்கு இது விளங்க அகராதியே வேண்டாம். கல்லா என்பது பெட்டிதான். ஆனால் "படம் நல்லா கல்லா கட்டுது" என்கிறோமே, அங்கே பெட்டியா பேச்சு? உள்ளே விழுகிற பணம்தானே?

உங்கள் அப்பத்தா வைத்திருந்தது இன்னொரு கேஷ். அது நம்முடையது. போர்த்துக்கீசியர் இந்தப் பக்கம் வந்து காசு என்ற சொல்லைக் கேட்டு, தங்கள் வாய்க்கு வந்தபடி கைஷா ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி, அதே காப்ஸாவின் பிள்ளை. தெரிந்த சொல்லின் உருவத்தில் தெரியாத சொல்லைப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஆங்கிலேயர் அதைக் கேட்டுக் கேஷ் என்றார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்காக 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி இந்த வழியைத்தான் சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சீனாவில் நடுவில் சதுரத் துளை போட்ட நாணயத்தை இன்றைக்கும் ஆங்கிலத்தில் கேஷ் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரும் இந்தக் கைஷா வழியாகப் போனதே. காசு என்ற சொல்லுக்கே வடமொழி 'கர்ஷ'த்தோடு உறவு உண்டா என்று ஒரு விவாதம் இருக்கிறது. அது தனிக் கதை.

உங்களிடம் இருப்பது கம்பெனி காலத்து இருபது காசு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபரின் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தில் அடித்து, கப்பலில் மதராஸுக்கு அனுப்பியது. அப்போது 80 காசு சேர்ந்தால் 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தால் வராகன் என்ற ஒரு பொற்காசு. அந்தக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்திலேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980களில் மூழ்கிப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் எடுத்தார்கள். உங்களுடையது ஊர் வந்து சேர்ந்து, சுருக்குப்பை வரை புழங்கிய காசு. புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்த உருது மாதிரி எழுத்து பாரசீகம். "பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்", அதாவது இருபது காசு நான்கு ஃபலூஸ். ஃபலூஸ் என்றால் செப்புக்காசு. ஆங்கிலத்தில் கேஷ் என்று போட்ட அதே பக்கத்தில் பாரசீகத்தில் காஸ் என்றே இருக்கிறது பாருங்கள். நடுவரிடம் இதைக் காட்டலாம்.

நாகர்கோவில்காரி எழுதியது:

எங்கள் பக்கம் காசு இன்னும் பல காலம் ஓடியது. திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அந்தக் காசிலும் ஆங்கிலத்தில் கேஷ் என்றுதான் இருக்கும். எங்கள் பாட்டி சாகும்வரை தேங்காய் விலையைச் சக்கரத்தில்தான் சொன்னாள்.

தமிழாசிரியை எழுதியது:

பெட்டிக் கேஷ் நம்முடையது இல்லை என்று அந்தக் குழந்தை வருத்தப்பட வேண்டாம். நம்மிடம் உள்ள சொல் எவ்வளவு பழையது என்று காட்டுங்கள். குறுந்தொகை 67ஆம் பாட்டில் ஒரு கிளி வேப்பம்பழத்தை வளைந்த அலகில் கவ்வியிருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகக் கூர்நகத்தால் பிடித்த பொற்காசு மாதிரி இருக்கிறதாம் அது. "பொலங்கல ஒருகாசு ஏய்க்கும்" என்பது அடி. அள்ளூர் நன்முல்லையார் பாட்டு. வேப்பம்பழம் பழுத்து மஞ்சளாகத் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்புமை சட்டென்று பிடிபடும். காசுமாலை என்று இன்றும் நகைக்கடையில் கேட்கிறோமே, அதே காசு.

நடுவர் திருத்தியது தப்பில்லை. மைக்கைப் பிடுங்கியதுதான் தப்பு.

கரூர் மாமா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அக்கா வீட்டுக்குக் காசை எடுத்துக்கொண்டு போனேன். கல்லாப்பெட்டி அண்ணன் எழுதியதை அவளே சத்தமாகப் படித்தாள். 'காஸ்' எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்று அடம்பிடித்தாள். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தும் எங்களுக்குப் பிடிபடவில்லை. பக்கத்துவீட்டுப் பாய் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்துக் காட்டினார்: காஃப், அலிஃப், ஸீன். மூன்றே எழுத்து. அதை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

பொங்கல் விழாவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் இருக்கிறது, ஒன்று நம்முடையது" என்று தொடங்கப் போகிறாள். காசை ஒரு நாளைக்கு இரவல் கேட்டிருக்கிறாள்.